டேஷ்கேமும் துணை பேட்டரியும்: தானே பொருத்திக்கொள்கிறவர்களுக்கான கேள்வி பதில்கள்

கோபி பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். சீர் முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தால் என் காரின் பின்கதவு உள்வாங்கிக் கிடந்தது. யார் இடித்தார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதன் பிறகுதான் டேஷ்கேம், அதாவது காரின் முன் கண்ணாடியில் ஒட்டி வெளியே நடப்பதைப் பதிவு செய்யும் கேமரா, வாங்கினேன். முதல் ஆண்டில் தவறாகச் செய்து கற்றவை பல. வண்டி நிற்கும்போது அந்தக் கேமராவை ஓட்டுவதற்கான துணை பேட்டரி அடுத்த ஆண்டு வந்தது. பங்காளிகள், மச்சான்மார், எதிர்த் தோட்டத்துக்காரர் என்று இதுவரை ஏழெட்டு வண்டிகளில் குனிந்து நிமிர்ந்து உதவியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

எனக்குத் துணை பேட்டரி வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இரவில் கேட்டுக்குள், தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்துகிறவர் கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினால் ஓடி, எடுத்தால் நிற்கும்படி விட்டுவிடலாம். மிச்சப் பணத்தில் நல்ல மெமரி கார்டு வாங்குங்கள். கேமராவின் விலைக்குச் சமமாகவும் சில நேரம் அதற்கு மேலாகவும் துணை பேட்டரிக்கு ஆகிறது.

யாருக்கு வேண்டும் என்றால், வண்டி ஆளில்லாமல் தெருவில் நிற்பவர்களுக்கு. திருப்பூரில் கம்பெனி வாசலில் நாள் முழுக்க நிறுத்துகிறவர், கோவையில் அடுக்குமாடிக்கு வெளியே சாலையோரம் இரவைக் கழிக்கும் வண்டிக்காரர், மாதம் நாலு முகூர்த்தத்துக்கு மண்டபம் மண்டபமாகப் போகிறவர். நிற்கும் வண்டியைப் படம் பிடிக்கத்தான் இந்தச் செலவெல்லாம். ஓடும் வண்டிக்கு, இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரே போதும்.

காரில்தான் ஏற்கெனவே ஒரு பேட்டரி இருக்கிறதே. அதிலேயே ஓடட்டுமே?

ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. முன்னும் பின்னும் இரண்டு கண் உள்ள கேமரா ஏறக்குறைய 6 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது அரை ஆம்பியர். 12 மணி நேரத்துக்கு 6 ஆம்பியர் மணி. சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஓர் இரவுக்குத் தாங்கும். மூன்றாம் நாள் முழுக்க வடிந்துவிடும்.

நான் இதை ஏட்டில் படித்து அறியவில்லை. சென்னையில் ஒரு வேலை. வண்டியை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுச் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். நான்காம் நாள் விடியற்காலையில் இறங்கி வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் கூட வரவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் கேபிள் கொண்டுவந்து உயிர்ப்பித்தார். குற்றம் என்னுடையது. காரின் பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கேமராவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்ற அளவை, நிறைய நேரம் பதிவாகட்டும் என்ற பேராசையில், 11.8 வோல்ட்டில் வைத்திருந்தேன். ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதி. 12-க்குக் கீழே போனால் அடிமட்டம். துணை பேட்டரி இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இந்தத் துண்டிப்பு அளவை 12.2-க்குக் கீழே இறக்கவே வேண்டாம். இரண்டு மூன்று வயதான பேட்டரி என்றால் 12.4.

ஒருமுறை அடிவரை வடிந்த ஈய பேட்டரி பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தகடுகளில் படியும் சல்பேட் கெட்டிப்பட்டுவிடுகிறது. என் பேட்டரி அடுத்த ஆறு மாதத்தில் மாற்றவேண்டியதாயிற்று.

துணை பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

நல்லவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். ஒரு செல் 3.2 வோல்ட்; நான்கைத் தொடராகக் கோத்தால் 12.8. கூடவே சார்ஜ் ஆவதையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் ஒரு மின்சுற்று. செல்போனில் இருக்கும் லித்தியம் வகை சூடு மிஞ்சினால் தானே தீயை வளர்த்துக்கொள்ளும். பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அந்த ஆபத்து மிகக் குறைவு. சித்திரை வெயிலில் கரூரிலும் ஈரோட்டிலும் பூட்டி நிற்கும் காருக்குள் எதை வைக்கலாம் என்று யோசித்தால் இந்த ஒரு காரணமே போதும். செல்போனுக்கான பவர் பேங்கை டாஷ்போர்டில் போட்டு ஓட்டலாமா என்று கேட்காதீர்கள்.

யூபிஎஸ் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை இணைத்தால் என்ன?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மோட்டாரையும் பம்புசெட்டையும் பிரித்துப் போட்டு வளர்ந்த கைகள் அல்லவா. இருந்தாலும் வேண்டாம்.

12 வோல்ட், 7 ஆம்பியர் மணி யூபிஎஸ் பேட்டரியைக் காரின் பேட்டரியோடு நேராக இணைத்தால் இரண்டும் ஒரே தொட்டியாகிவிடும். கேமரா குடிக்கும்போது காரின் பேட்டரியும் சேர்ந்து வடியும். பிறகு எதற்குத் துணை? மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை நடுவில் போடலாம் என்பார்கள். அது அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். பேட்டரி ஒருநாளும் நிறையாது. போதாததற்கு, அடைத்த ஈய பேட்டரி வெயிலில் சீக்கிரம் சாகும், பாதிக்கு மேல் காலி செய்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள அமிலப் பெட்டி, அவசர பிரேக்கில் சீட்டுக்கு அடியிலிருந்து பறந்து வரும் காட்சியையும் நினைத்துப் பாருங்கள்.

பாஸ்பேட் செல்களை வாங்கித் தாமே கோக்கத் தெரிந்தவர்கள் கோவையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்: ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகக் கொடுக்காதீர்கள். வோல்ட் ஏறக்குறைய ஒத்துப்போனாலும் காலி பேட்டரி எத்தனை ஆம்பியரை இழுக்கும் என்பதற்கு எல்லை இல்லை. நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி சார்ஜர் இருந்தாக வேண்டும்.

எந்த ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுப்பது?

முழு வேலையிலும் கவனம் வேண்டியது இங்கேதான். மற்றதெல்லாம் ஒயரை மறைக்கும் வேலை.

கார் ஃபியூஸ்களில் இரண்டு வகை உண்டு: எப்போதும் மின்சாரம் இருப்பவை, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறுபவை. துணை பேட்டரி இல்லாமல், நிற்கும்போதும் பதிவாக வேண்டும் என்றால், கேமராவோடு வரும் ஒயரில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று எப்போதும் இருக்கும் மின்சாரத்துக்கு, ஒன்று சாவி மின்சாரத்துக்கு, ஒன்று எர்த்துக்கு. பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், கையேட்டைப் பாருங்கள். நான் முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியைப் பூட்டியதும் கேமரா அணைகிறதே என்று ஒரு வாரம் கேமராவைத் திட்டினேன்.

துணை பேட்டரி வைத்தால் இது எளிதாகிவிடுகிறது. கேமராவின் ஒயர் துணை பேட்டரிக்குப் போகும். துணை பேட்டரியின் உள்ளீடு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸுக்கு. அதைத் தவறியும் எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸில் கொடுத்துவிடாதீர்கள். இரவெல்லாம் காரின் பேட்டரியை உறிஞ்சித் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். நீங்கள் தவிர்க்க நினைத்ததே நடக்கும்.

மல்டிமீட்டரை எடுத்து, கறுப்பு முனையைக் கதவுக் கீலின் போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் உலோகப் புள்ளியைத் தொடுங்கள். சாவி போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை. எடுத்ததும் உடனே முடிவுக்கு வராதீர்கள். புதிய கார்களில் பூட்டிய பிறகும் சில சுற்றுகள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்டீயரிங் என்று எழுதிய ஃபியூஸ்களின் பக்கமே போகவேண்டாம். சிகரெட் லைட்டர் என்று இன்னும் நாம் சொல்லும் அந்த 12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸ் எனக்குப் பிடித்தது. 15 அல்லது 20 ஆம்பியர் இருக்கும். போனாலும் வண்டி நிற்காது.

ஒயரை வெட்டாமல் இணைக்க ஃபியூஸ் டேப் (fuse tap) என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டைத் தாங்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு அது. உங்கள் காரின் ஃபியூஸ் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் பழைய ஃபியூஸ் ஒன்றைக் கடைக்குக் கையில் கொண்டுபோங்கள். இதைச் செருகுவதில் திசை உண்டு. செருகிய பின் ஒரு சோதனை: பழைய ஃபியூஸை மட்டும் உருவிவிட்டுச் சாவியைப் போடுங்கள். கேமராவுக்கு மின்சாரம் வந்தால் திசை சரி. புதிய ஃபியூஸ் தன் பாதையை மட்டும் காக்கிறது. வராவிட்டால் கேமராவின் சுமை பழைய ஃபியூஸ் வழியாகவும் போகிறது என்று பொருள்; உருவித் திருப்பிச் செருகுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கார் கம்பெனி போட்ட ஃபியூஸை விடப் பெரியதைப் போடாதீர்கள். ஃபியூஸ் போவது ஒயர் எரியாமல் இருக்கத்தான்.

மல்டிமீட்டரில் சோதித்து முடித்த பிறகு, ஒயரில் கை வைக்கும் முன், காரின் பேட்டரியில் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். 10-ம் நம்பர் ஸ்பானர் போதும். கடிகாரமும் தானியங்கிக் கண்ணாடியும் மறந்துபோகும், மறுபடி அமைத்துக்கொள்ளலாம்.

எர்த் எங்கே கொடுப்பது?

காரின் உடலோடு இணைந்த, பெயிண்ட் இல்லாத உலோக போல்ட்டில். பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டும் வெளியில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓடிக்கொண்டே கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம்.

ஒயரைப் பில்லர் வழியாக இறக்கும்போது ஏர்பேக்குக்கு ஆபத்து இல்லையா?

உண்டு. ஆறு ஏர்பேக் உள்ள கார்களில் திரை ஏர்பேக் கூரை ஓரமாக மடிந்து, முன் பில்லருக்குள்ளும் வரும். ஒயர் அதன் முன்னால் குறுக்கே போனால், விரியும்போது தடுக்கும், அல்லது ஒயரும் கிளிப்பும் முகத்தை நோக்கித் தெறிக்கும். ஏர்பேக்குக்குப் பின்னால், பில்லரில் ஏற்கெனவே இருக்கும் ஒயர்க் கட்டோடு சேர்த்து, கேபிள் டை போட்டு இறக்குங்கள். பில்லர் மூடியைத் திறக்கப் பயமாக இருந்தால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்குள் ஒயரைச் செருகலாம் என்று பலரும் சொல்வார்கள். ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில் சரி. இருக்கும் வண்டியில், இந்த ஓர் இடத்துக்கு மட்டும் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கு ஒரு மணி நேரக் கூலி கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

துணை பேட்டரியை எங்கே வைப்பது?

முன் பக்கத்து இருக்கைக்கு அடியில். நிழல், ஏசிக் காற்று, ஃபியூஸ் பெட்டிக்கு நெருக்கம் மூன்றும் அங்கே கிடைக்கும். இருக்கையை முன்னும் பின்னும் கடைசிவரை தள்ளிப் பார்த்து, எதுவும் நசுங்காத இடத்தில் வெல்க்ரோவும் பட்டையும் போட்டு இறுக்குங்கள். அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தெரியும். அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் உரியவை. தொடாதீர்கள். சிஎன்ஜி வண்டியில் டிக்கியில் சிலிண்டர் பக்கத்தில் வைப்பது கூடவே கூடாது.

ஒருமுறை நிறைந்தால் எத்தனை மணி நேரம் ஓடும்?

12.8 வோல்ட், 6 ஆம்பியர் மணி என்றால் 77 வாட் மணிக்குச் சற்றுக் குறைவு. 6 வாட் கேமராவுக்குக் கணக்கில் 12 மணிக்கு மேல் வரும்; இழப்புகள் போக 11 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரப்புவதைத்தான் யாரும் கேட்பதில்லை. வேகமாக நிரம்பும் பேட்டரிகள் 9 ஆம்பியர் வரை இழுத்து முக்கால் மணி, ஒரு மணியில் நிறையும். மெதுவான முறையில் வைத்தால் ஒன்றரை மணி. பெருந்துறையிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வருகிறவருக்கு இது பெரிதில்லை. சரவணம்பட்டியிலிருந்து பீளமேட்டுக்குப் போய் நிறுத்துகிறவருக்கு எப்போதும் அரை வயிறுதான். அவர் பெரிய பேட்டரி வாங்கிப் பயனில்லை. கேமராவில் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கும் முறை இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

நான் மெதுவான முறையில்தான் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் சாக்கெட்டில் காற்றடிக்கும் பம்பையும் மாட்டினால் அதுவே 10 ஆம்பியர் கேட்கும். இரண்டும் பங்கிடும் ஒயர் ஒன்றுதான்.

கேமராவை எங்கே ஒட்டுவது?

நடுக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநர் கண்ணில் படாமல், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள். காரின் முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதன்மேல் பசை பிடிக்காது. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டி, ஒருநாள் விட்டுக் கேமராவை மாட்டுங்கள். நடுப்பகலில் சுடும் கண்ணாடியில் ஒட்டாதீர்கள்.

பின் கேமராவின் ஒயரைக் கதவுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

செடான் என்றால் பிரச்சினையே இல்லை, உள்பக்கக் கண்ணாடியோடு முடிந்தது. ஹேட்ச்பேக்கில் கூரைக்கும் பின்கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய் இருக்கும். அதன் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே விட்டால் கதவு நறுக்கிவிடும், மழைத் தண்ணீரும் இறங்கும். இதற்குப் பிளாஸ்டிக் கருவிகள் விற்கிறார்கள். நான் வீட்டுத் தென்னை விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்குகள் இரண்டை உருவி, நுனியில் ஒயரை இன்சுலேஷன் டேப்பால் கட்டி, சோப்பு நுரை தடவி நுழைத்தேன். வளையும், உடையாது, மின்சாரமும் கடத்தாது.

வெயிலில் கேமரா கெட்டுப்போகாதா?

உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கேமரா ஓரிரு கோடையில் உப்பிவிடும். பேட்டரிக்குப் பதிலாக, மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்ததை வாங்குங்கள்.

கார்டு எவ்வளவு பெரியது?

முழு எச்டி பதிவு நொடிக்கு 15 மெகாபிட் என்றால் மணிக்கு ஏழு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 64 ஜிபி கார்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும்; பின் கேமராவும் சேர்ந்தால் அதில் பாதி. இரவு முழுக்க நிறுத்துகிறவருக்கு 128-க்குக் குறையக் கூடாது. இடைவிடாமல் எழுதுவதற்கென்றே வரும் ‘ஹை எண்டூரன்ஸ்’ வகை கார்டை வாங்கி, மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

சும்மா நின்ற வண்டியில் காலையில் பார்த்தால் நூறு வீடியோ. ஏன்?

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதோடு உங்கள் காரையும் உலுக்கும். எதிரே தென்னை மட்டை ஆடினாலும் ஆள் நடமாட்டம் என்று கேமரா எழுந்துகொள்ளும். அசைவு உணரியையும் அதிர்வு உணரியையும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். அதிர்வு உணரி உச்சத்தில் இருந்தால் ஓடும்போதும் தொல்லைதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; ஏறி இறங்கியபின் பார்த்தால், ஒவ்வொரு குலுங்கலையும் விபத்து என்று எண்ணி அழியாத பதிவாகப் பூட்டி வைத்திருந்தது என் கேமரா. கார்டு நிறைந்து, ஊர் திரும்பிய பாதி வழி பதிவே ஆகவில்லை.

வாரண்டி போய்விடுமா?

காரின் ஒயரை வெட்டினால் பேச்சுக்கு இடமாகும். ஃபியூஸில் செருகி எடுத்தால் தடயம் இல்லை. தயக்கம் இருந்தால் சர்வீஸ் சென்டரில் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்குமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தில் 65பி என்று இருந்ததன் தொடர்ச்சி அது. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது, சம்பவம் நடந்ததும் கார்டை உருவிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு கார்டு போடுவது. வெட்டி ஒட்டிய, வாட்ஸ்அப்பில் சுருங்கிய பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நெகட்டிவ் முனையைக் கழற்றி மாட்டிய பலரின் கேமராவில் வருடமே தவறாக இருக்கும்.

உள்ளே பேசுவதும் பதிவாகும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. குடும்பத்தோடு போகும் வண்டியில் சொத்துப் பேச்சும் சம்பந்தப் பேச்சும் ஓடும். நான் ஒலியை அணைத்தே வைத்திருக்கிறேன்.

சர்வீஸுக்கு விடும்போது ஏதாவது செய்ய வேண்டுமா?

துணை பேட்டரியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம், எந்த இடத்தில் கூடுதல் ஃபியூஸ் செருகியிருக்கிறது, எத்தனை ஆம்பியர், எர்த் எந்த போல்ட்டில் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். போன முறை நான் எழுதாமல் விட்டேன். இது என்ன கூடுதலாக நிற்கிறது என்று ஒரு பையன் உருவி, துடைத்து, கைப்பிடிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தான்.